ரேடியேட்டரில் அரைப் பாக்கெட் மஞ்சள்

ஏப்ரல் 12, சனி

மெக்கானிக் சவரிமுத்து சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். "சிஸ்டர், தினம் காலையில வண்டிய எடுக்கதுக்கு முன்னாடி தண்ணி எம்புட்டு இருக்குன்னு பாருங்க. ஓட்டும்போது சூட்டு முள்ளு எதுவரைக்கும் ஏறுதுன்னு பாருங்க. ரெண்டையும் ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. ஒங்களுக்குத் தெரியாததா, காய்ச்சல் சார்ட் மாதிரிதான்" என்றார். கிராம சுகாதாரச் செவிலியராக இருபது வருஷத்துக்கு மேல் கர்ப்பிணிகளின் எடையும் பிரஷரும் குறித்த கை இது. ஒரு வண்டிக்குக் குறிப்பதா கஷ்டம்? மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரியும் சும்மாதான் கிடக்கிறது.

இன்று காரில் இன்ஜின் சூட்டைத் தணிக்கிற பழைய கூலண்டை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றினோம். பரீட்சைக்கு முன்னால் வண்டியை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். "நல்லா ஓடுத வண்டிய எதுக்கு நோண்டுத பேச்சி?" என்றார் என் வீட்டுக்காரர். இவர் என்றைக்கு ஒரு காரியத்தை முந்திச் செய்திருக்கிறார்? லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து உட்கார்ந்து எல்லாம் தானாக வந்து சேரும் என்று நினைப்பு.

சவரிமுத்து வீட்டுக்கே வந்து, ரேடியேட்டருக்கு அடியிலிருக்கும் திருகைத் திறந்து பழசைப் பேசினில் பிடித்தார். என் மகள் வைஷாலிதான் குனிந்து செல்போன் லைட் அடித்தாள். படிக்கிற பிள்ளை, பத்து நிமிஷம் காற்றாட நிற்கட்டும் என்று விட்டேன். "பழச கீழ ஊத்திராதீங்க. நாய் பூனை நக்கினா செத்துரும்" என்று சொல்லி அவரே எடுத்துப் போனார்.

சாயங்காலம் எட்டயபுரம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். இதுவரை பாதியிலேயே நின்ற முள், பாதியைத் தாண்டி மேலே மேலே போயிற்று.  மே நாலாம் தேதி வைசுவுக்கு நீட். சென்டர் மதுரைதான் வரும், போன ரெண்டு தடவையும் அதுதான். இந்த மூன்றாவது தடவைக்காகத்தான் தை மாசம் பழைய கார் வாங்கி, இந்த வயசில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். போன வருஷம் பஸ்ஸில் போனோம். திருமங்கலத்தில் வாந்தி எடுத்தாள், பரீட்சை ஹாலில் பாதியில் மயங்கி விழுந்தாள். எல்லாம் அந்த பஸ்ஸால் வந்த வினை.

ஏப்ரல் 13, ஞாயிறு

குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறதாம். சவரிமுத்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுசாகப் போடச் சொன்னார். சித்திரை வெயிலில் ஹீட்டர்! கோவில்பட்டியில் ஹீட்டர் போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். குழாயை அமுக்கி அமுக்கி விட்டார், குபுகுபுவென்று குமிழி வந்தது.

வைசு மறுபடி வந்து நின்றாள். "ஹீட்டர் எதுக்குண்ணே?"

"இன்ஜின் சூட்டக் கொஞ்சம் அது வாங்கிக்கிடும் பாப்பா. தண்ணியும் எல்லா எடமும் சுத்தி வரும்."

"அந்தத் தண்ணி இல்லாமப் போனா?"

"வண்டி ஒரு எட்டு நகராது."

பிள்ளைக்கு அறிவு எப்படி ஓடுகிறது பாருங்கள். முள் பாதியில் நின்றது. அப்பாடா.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பாயசம் வைத்தேன். வைசு ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டு டம்ளரை வைத்துவிட்டாள். முள் பாதி. தண்ணீர் சரியாக இருக்கிறது.

ஏப்ரல் 16, புதன்

முள் பாதி. தண்ணீர் சரி. மாதிரித் தேர்வில் வைசுவுக்குப் போன வாரத்தைவிட மார்க் குறைவு. இதை இங்கே எழுதக் கூடாது, இது வண்டிக்கான நோட்டு.

ஏப்ரல் 18, வெள்ளி

காலையில் மூடியைத் திறந்தால் தண்ணீர் கீழே போயிருக்கிறது! மிச்சத் தண்ணீர் வந்து நிற்கிற ஓரத்து டப்பாவிலும் இல்லை. குனிந்து, படுத்து, சேலையெல்லாம் மண்ணாகத் தேடினேன். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை, காய்ந்து கிடக்கிறது. பின்னே எங்கே போகும்? ஆவியாகவா?

சவரிமுத்துவுக்கு போன் போட்டால், "சிஸ்டர், இன்னைக்குப் பெரிய வெள்ளி, கோயில்ல இருக்கேன்" என்று கிசுகிசுத்தார். மிச்சம் இருந்த கூலண்டை நானே ஊற்றினேன். கொஞ்சம் வெளியே சிந்திவிட்டது. எத்தனையோ பிரசவம் பார்த்த கைக்கு ஒரு ரேடியேட்டர் வாயில் நேராக ஊற்ற வரவில்லை. சிரிப்பாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர் கேக்கோடு வந்தார் சவரிமுத்து. காற்று பம்ப் மாதிரி ஒன்றை ரேடியேட்டர் வாயில் மாட்டி அழுத்தம் கொடுத்து, அந்தப் பம்பில் இருந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கவில்லை.

"லீக் இல்ல சிஸ்டர்."

"லீக் இல்லாம எப்படிய்யா குறையும்?"

"அதான் எனக்கும் புரியல. மூடிய மாத்துவோம். சில நேரம் மூடி சரியா இறுக்காது, சூட்டுல வெளிய தள்ளிரும்."

புது மூடி போட்டார். வைசுவைக் கேக் சாப்பிடக் கூப்பிட்டேன். படிக்கிறேன் என்று கதவைத் திறக்கவே இல்லை. நல்லதுதான். இன்னும் ரெண்டு வாரம். பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிட்டால் போதும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மறுபடியும் குறைந்திருக்கிறது. புது மூடியும் சரியில்லையா?

சவரிமுத்து புகைக் குழாயில் வெள்ளைப் புகை வருகிறதா என்று பார்த்தார், இல்லை. ஆயில் குச்சியை எடுத்துப் பால் கலந்த மாதிரி இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. கூலண்ட் இன்ஜினுக்குள்ளே இறங்கியிருந்தால் மொத்த இன்ஜினையும் பிரிக்க வேண்டுமாம், பத்து நாள் ஆகுமாம். நான் விரலை விட்டு நாள் எண்ணினேன். "பிரிக்கத் தேவையில்ல சிஸ்டர், பயப்படாதீங்க" என்றார். எப்படிப் பயப்படாமல் இருப்பது? முழுசாகத் தெரிந்த நோய்க்கு மருந்து கொடுக்கலாம். இது என்ன நோய் என்றே தெரியவில்லையே.

"பஸ்ல போயிருவோம், இல்லேன்னா ரயிலு" என்கிறார் வீட்டுக்காரர். பஸ் என்ற வார்த்தையை எடுக்காதீர்கள் என்று கத்திவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் தண்ணீர் குறைவு. ஊற்றினேன். முள் பாதி.

குளியலறைச் சாக்கடை வாயில் முடி அடைத்துக்கொண்டது. கையளவு எடுத்தேன், எல்லாம் வைசுவுடையது. இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். இந்த வயசில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பதுதான். விடியக்காலம் நாலு மணிக்கே எழுந்துவிடுகிறாள், நான் எழுப்ப வேண்டியதே இல்லை. நான் ஐந்தரைக்கு எழுந்து வரும்போது பின்கட்டில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருப்பாள். இத்தனை தரம் என்ன கை கழுவல் என்று கேட்டால், "தூக்கம் வராம இருக்கம்மா" என்கிறாள். என்ன பொறுப்பு!

ராத்திரிச் சாப்பாட்டில் இவர் ஆரம்பித்தார். "பிள்ள சிரிச்சுப் பாத்து எத்தன நாளாச்சு?"

"டாக்டரானதுக்கு அப்புறம் சிரிக்கட்டும். ஒங்க காலம் பூரா சிரிச்சுத்தான் என்னத்தக் கண்டிய?"

வார்த்தை கொஞ்சம் கூடிப்போயிற்று. ஆனால் இவருக்கு என்ன தெரியும்? ஆஸ்பத்திரியில் நேற்று வேலைக்குச் சேர்ந்த டாக்டர் பொடிசுகள்கூட நாற்காலியில் உட்கார்ந்து "சிஸ்டர், அந்த ஃபைல்" என்று விரலால் காட்டும்போது நின்றுகொண்டிருப்பவள் நான். என் கால் வீங்கிய வீக்கம் எனக்குத்தானே தெரியும். என் மகள் உட்கார வேண்டும். அவ்வளவுதான் எனக்கு.

ஏப்ரல் 26, சனி

சவரிமுத்து வண்டியைத் தன் ஷெட்டிலேயே ரெண்டு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டார். நடுவில் ஓட்டியும் பார்த்தாராம். ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை!

"ஒங்க வீட்டுலதான் சிஸ்டர் குறையுது" என்றார்.

நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். எங்கள் வாசல் தெருப்பக்கம் சரிவு, ஷெட் சமதளம். சரிவில் நின்றால் ஏதோ ஒரு இடத்தில் கசியும். அதுதான் காரணம். சொன்னால் அவர் தலையைச் சொறிகிறார். "யாராச்சும் கை வைக்காங்களா?" என்று வேறு கேட்டார். கேட்டைப் பூட்டிச் சாவியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறேன், வெளியாள் எவன் வருவான்? வண்டியைக் கல் கொடுத்துச் சமமாக நிறுத்தியிருக்கிறேன்.

ஏப்ரல் 28, திங்கள்

கல் வைத்தும் பிரயோஜனமில்லை. குறைந்திருக்கிறது.

மத்தியானம் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே வைசு கேட்டாள். "வண்டி சரியாகலேன்னா மதுரைக்குப் போக முடியாதாம்மா?"

பாவம், எவ்வளவு பயந்திருக்கிறாள் பிள்ளை. "நீ அதப் பத்திக் கவலப்படாத தாயி. டாக்ஸி பேசி வச்சுட்டேன். அதுவும் வரலேன்னா ஒன்னத் தோள்ல தூக்கிட்டாவது போய்ச் சேத்துருவேன். பரீட்ச மட்டும் நிக்காது" என்றேன்.

"சரிம்மா" என்று எழுந்துபோய்க் கை கழுவினாள். சோறு அப்படியே இருந்தது.

சாயங்காலம் இவர் ஒரு யோசனையோடு வந்தார். அவருடைய ஆபீசுக்கு வரும் பழைய லாரி டிரைவர்கள் எல்லோரும் சொல்கிறார்களாம், கண்ணுக்குத் தெரியாத ஓட்டைக்கு மஞ்சள்தூள்தான் மருந்தாம். ரேடியேட்டரில் போட்டால் சுற்றி வந்து ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளுமாம். "ரெண்டு ஸ்பூன் போதும்னாக" என்றார். முதல் தடவையாக உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

போட்டுவிட்டேன். ரெண்டு ஸ்பூன் என்ன, அரைப் பாக்கெட் போட்டேன். மருந்து கொடுப்பதென்றால் நோய் கேட்கிற மாதிரி கொடுக்க வேண்டும். சவரிமுத்துவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்.

ஏப்ரல் 30, புதன்

குறையவில்லை!

மே 1, வியாழன்

குறையவே இல்லை. மஞ்சள் என்றால் மஞ்சள்தான். புண்ணுக்கும் அதுதான், புகுந்த வீட்டுக்கும் அதுதான், ரேடியேட்டருக்கும் அதுதான். பேசி வைத்த டாக்ஸியை வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. மதுரைதான். ஒன்றரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். வைசு இப்போது நாலு மணிக்கு எழுந்திருப்பதில்லை, சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடக்கிறாள். படித்து முடித்துவிட்டாள் போல.

மே 3, சனி

பெட்ரோல் போட்டேன். முள் பாதியைவிட ஒரு நூல் மேலே நிற்கிறது. வெயில் அப்படி அடிக்கிறது, கார் என்ன செய்யும்? நாளைக்குக் கத்திரி வேறு ஆரம்பம்.

வெள்ளைச் சுடிதார், அரைக்கை. கம்மல் கழற்றியாயிற்று. உள்ளே தெரிகிற தண்ணீர் பாட்டில். எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். இவரும் வருகிறேன் என்றார். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகக் கிளம்பக் கூடாது, வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மே 4, ஞாயிறு

கிளம்புகிறோம். தாயே மாரியம்மா, வண்டியைப் பார்த்துக்கொள்.

மே 5, திங்கள்

நேற்று நடந்ததை எழுத உட்கார்ந்து ரெண்டு தடவை எழுந்து போய்விட்டேன். லீவு சொல்லிவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

சாத்தூரைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. நாலுவழிச் சாலையில் கொஞ்சம் வேகமாகப் போக ஆரம்பித்ததும் முள் ஏற ஆரம்பித்தது. முக்காலுக்கு வந்துவிட்டது. ஏசியை நிறுத்தினேன். இன்னும் ஏறுகிறது. வாய்க்குள் சாமி பேரெல்லாம் வந்தது, கூடவே சவரிமுத்துவுக்கு வசவும் வந்தது.

அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் வந்த வைசு, "ஹீட்டரப் போடும்மா" என்றாள்.

"இந்த வெயில்லயா?"

"போடும்மா!"

போட்டேன். கத்திரி வெயிலில் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, முகத்தில் அனல் அடிக்க அடிக்க ஓட்டினேன். பிள்ளையின் வெள்ளைச் சுடிதார் முதுகோடு ஒட்டிக்கொண்டது. முள் கொஞ்சம் இறங்கியது. உயிர் வந்தது எனக்கு. விருதுநகர் போய்விட்டால் போதும், அங்கே டாக்ஸி பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் முள் திரும்ப ஏறிச் சிவப்பில் போய் முட்டியது. முன்னால் பானட்டின் ஓரத்திலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது. ஓரத்தில் ஒரு வேப்பமரம் நின்றது, அதன் அடியில் நிறுத்தினேன்.

பானட்டைத் தூக்கிவிட்டு, துண்டைச் சுற்றி மூடியில் கை வைத்தேன். தண்ணீரை ஊற்றினால் ஓடிவிடும் என்ற ஒரே நினைப்புத்தான். வைசு பாய்ந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "திறக்காத! மூஞ்சில அடிச்சுரும்!" அவள் அப்படிக் கத்திக் கேட்டு எத்தனையோ மாசம் ஆயிற்று. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

காத்திருந்தோம். லாரியும் பஸ்ஸும் விர் விர்ரென்று போயின. நேரம் இன்னும் இருந்தது, நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூடு அடங்கியதும் அவளே துண்டைப் போட்டு மெல்லத் திறந்தாள். உள்ளே கூலண்ட் இல்லை. கொழகொழவென்று மஞ்சள் சேறு, வாயோரமெல்லாம் அப்பிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"மஞ்சத்தூள். லீக்க அடைக்கப் போட்டேன்."

"எம்புட்டு?"

"அரைப் பாக்கெட்."

அவள் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "லீக்கே இல்லம்மா. நான்தான் அடியில திருகத் திறந்து விட்டேன். விடியக்காலம் பேசினு வச்சுப் பிடிச்சேன். வண்டி ஓடலேன்னா போக வேண்டாம்னு நெனச்சேன். நீ டாக்ஸின்னு சொன்ன பெறகு விட்டுட்டேன்."

எனக்குக் கை ஓங்கிவிட்டது. உண்மையை எழுதுகிறேன், அடிக்கத்தான் ஓங்கினேன். மூன்று வாரம் என்னை நாய் படாத பாடு படுத்திவிட்டாளே! "வேண்டாம்னா வாயத் திறந்து சொல்ல வேண்டியதானட்டி?" என்று கத்தினேன்.

"சொன்னேம்மா. போன வருசமே சொன்னேன். பஸ்ஸாலன்னுட்ட."

ஓங்கிய கை இறங்கிவிட்டது. அப்போதுதான் எனக்குள் இருக்கிற நர்ஸ் விழித்தாள். "பிடிச்சதெல்லாம் எங்கட்டி ஊத்துன?"

"ஊத்தல. நாய் நக்கிரும்ல. கேன்ல ஊத்தி என் கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன்."

 விஷம். இத்தனை நாளும் அவள் தலைக்கு ஒரு முழம் கீழே. நான் பக்கத்து அறையில் தண்ணீர் அளவு குறித்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒடுங்கிக் கிடக்கிற பிள்ளைகளிடம் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி உண்டு. எத்தனை வீட்டில் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். என் மகளிடம் கேட்க நாக்கு எழவில்லை. கேட்டேன்.

"சாகணும்னு நெனச்சியா?"

அவள் தரையைக் கீறிக்கொண்டே இருந்தாள். "சில நாள்."

இவருக்கு போன் போட்டேன். "வைசு கட்டிலுக்கு அடியில ஒரு கேன் இருக்கும். இப்பவே எடுத்துட்டுப் போய்ச் சவரிமுத்து ஷெட்ல குடுங்க. வீடு பூராப் பாருங்க. ஏன்னு கேக்காதீங்க, வந்து சொல்லுதேன்." செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது.

போனை வைக்கவும் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே வெள்ளைச் சட்டையில் ஒரு பெண், அவளுடைய அம்மா அப்பா. "நீட்டுக்கா? வண்டி நின்னு போச்சா? ஏறுங்க, எடம் இருக்கு, கேட்டப் பூட்டதுக்குள்ள போயிரலாம்" என்றார் அந்த அம்மாள்.

எனக்கு ஒரு நொடி சந்தோஷம் பொங்கியது. அதையும் எழுதுகிறேன். இவ்வளவு கேட்ட பிறகும் பொங்கியது. தாய் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

வைசு எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள். ஹால் டிக்கெட்டையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள். "போறேம்மா" என்றாள். சொன்ன சொல் கேட்கிற பிள்ளை, எப்போதும் அப்படித்தான். பாட்டிலில் தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது. ஏற்றிவிடத்தான் அவள் கையைப் பிடித்தேன். பிடித்த இடம் மணிக்கட்டு. என் விரல் தானாக நாடியில் போய் உட்கார்ந்துவிட்டது. பழக்க தோஷம். அது ஓடிய ஓட்டம் இருக்கிறதே! இந்த ஓட்டத்தோடு ஒருத்தி வந்து நின்றால் ஆஸ்பத்திரியில் முதலில் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத்தான் பேரே கேட்பேன். ஊரில் எத்தனை கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன், இந்தக் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை.

"நீங்க போங்கம்மா" என்றேன் வேன்காரம்மாவிடம். "நாங்க வரல."

"என்னங்க இப்பிடிச் சொல்லுதீங்க? வருசம் பூராப் படிச்சிருக்கும்லா பிள்ள?"

"ஆமா. படிச்சா."

அவர்களுக்கு அவசரம், போய்விட்டார்கள். வைசு நம்பாமல் என்னையே பார்த்தாள். நான் அவள் கையை விடவில்லை. வேன் கண்ணுக்கு மறைந்ததும் நான்தான் ஓவென்று அழுதேன். ரோட்டில் போகிறவர்களெல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். பார்க்கட்டும். அவளுக்காக அழுதேன், எனக்காகவும்தான் அழுதேன். அந்த நாற்காலி போயிற்றே என்றும் அழுதேன். கோபமும் இருந்தது, இப்போதும் இருக்கிறது, ஒரே நாளில் எங்கே போகும்?

ஒரு லாரியில் கயிறு கட்டி வண்டியை இழுத்து வந்து சேர்ந்தபோது இவர் வாசலில் நின்றார். வைசுவின் தலையில் கை வைத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ராத்திரி அவள் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன்.

மே 6, செவ்வாய்

சவரிமுத்து ரேடியேட்டரைக் கழற்றிவிட்டார். "சிஸ்டர், இது ரேடியேட்டரா, சாம்பார்ச் சட்டியா? குழாய் பூரா அடைச்சுக் கிடக்கு. நல்லா இருந்ததக் கெடுத்திட்டீங்களே" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? கேனைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. இவர் என்ன சொல்லி வைத்திருக்கிறாரோ.

காலையில் வைசுவை ஜி.ஹெச்.சுக்குக் கூட்டிப் போனேன். மனநல டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவார். எங்கள் கிராமங்களிலிருந்து நான் எத்தனையோ பேரை அங்கே அழைத்துப்போய் உட்கார வைத்திருக்கிறேன். "இதுல என்ன வெக்கம், காய்ச்சலுக்குப் பாக்கலயா?" என்று அவர்கள் வீட்டாரைத் திட்டியும் இருக்கிறேன்.

வைசுவைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு வரிசையில் நின்றேன். வழக்கமாக நான் போனால் வரிசையெல்லாம் கிடையாது. போன வாரமாக இருந்தால் குறுக்கே போயிருப்பேன், இன்று போகத் தோன்றவில்லை. முன்னால் எங்கள் தெரு டீச்சர் அவருடைய மாமியாரோடு நின்றார், என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

சீட்டு எழுதும் லீலாவதி என்னைப் பார்த்ததும் பேனாவைத் திறந்தாள். "வாங்க சிஸ்டர், இன்னைக்கு எந்த ஊர் கேஸ கூட்டியாந்திருக்கீங்க?"

டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"என் மக" என்றேன். சத்தம் வரவில்லை போல.

"யாரு சிஸ்டர்?"

"என் மக. வைஷாலி. எழுதிக்கோ."

லீலாவதி எழுதிக் கொடுத்தாள். சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். நான் சொன்னது பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். வைசு நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துப்பட்டாவை ஒதுக்கி, கொஞ்சம் நகர்ந்து, எனக்கு உட்கார இடம் விட்டாள்.